பால் காய்ச்சாத வீடு

ஜூன் 27, வெள்ளி

கோமதித் தாயே துணை.

வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று விமானம் ஏறி இறங்கி, பிறகு மாப்பிள்ளையின் காரில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் புல். ஆள் ஒருத்தர் கண்ணில் படவில்லை. மாடுதான் தலை தூக்கிப் பார்த்தது. நியூசிலாந்து என்றால் பெரிய பெரிய கட்டடமாக இருக்கும் என்று, ஒரே வாசலுக்குள் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் வளவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த டைரி மாப்பிள்ளை கொடுத்தது. பால் கம்பெனிக்காரர்கள் பண்ணையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சும்மா கொடுத்ததாம். பக்கத்துக்குப் பக்கம் மாட்டுப் படம். "அத்தே, இங்க பேச்சுக்கு ஆள் கெடையாது. நீங்க பேசாமலும் இருக்க மாட்டிய. இதுல பேசுங்க" என்றார். குசும்பு.

விமான நிலையத்தில் ஒரு பையன் என் பெட்டியைத் திறந்து கறிவேப்பிலையை எடுத்தான், போகட்டும். முருங்கை விதையை எடுத்தான், போகட்டும். சங்கரன்கோவில் புற்றுமண்ணை எடுத்தான் பாருங்கள், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அது மண் இல்லையப்பா, பிரசாதம் என்று சொன்னேன். அவனுக்கு என்ன புரியும். ஆனால் நல்ல பிள்ளை. குப்பையில் வீசாமல் ஒரு பையில் போட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

மதிக்கு ஏழு மாதம். என் அக்கா மகள். இவளுக்கு நாலு வயதில் அக்கா இறந்தபிறகு என் கையில் வளர்ந்தவள். காந்திமதி என்று பெயர், மதி என்று கூப்பிடுவோம். வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள், வயிறு இடித்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"வீட்ட பூட்டிட்டு வந்தியா சித்தி?" என்று கேட்டாள்.

"பூட்டாமலா வருவேன்?" என்று இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். பூட்டியது உண்மைதான்.

ஜூன் 30, திங்கள்

குளிர் என்றால் இது குளிர். காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. குளித்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவேன் என்று நின்றதற்கு மதி ஏசினாள். வெந்நீர் இருக்கும்போது குளிக்க என்ன.

சூரியன் இங்கே வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. நான் வழக்கம்போல அது தெற்கு என்று நினைத்து, அம்மன் படத்தைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். மாப்பிள்ளை போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அத்தே, அம்மன் மேக்க பாக்கா" என்றார். மூன்று நாளாகத் தாயை மேற்கே பார்க்க வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஜூலை 2, புதன்

இன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வீட்டில் பால் காய்ச்சவே இல்லை!

இங்கே மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள் ஜூன் முதல் தேதிதான் பண்ணை மாறுவார்களாம். ஊரே ஒரே நாளில் சாமான் ஏற்றும். இவர்களும் அப்படித்தான் பழைய பண்ணையை விட்டு இங்கே வந்திருக்கிறார்கள். மாசமாக இருக்கிறவள் வீடு மாறலாமா? "வேல மாறுனா வீடும் மாறத்தான் செய்யும் சித்தி. நடுரோட்டுலயா நிக்க முடியும்?" என்கிறாள். சரி, மாறியாச்சு. ஒரு சொம்புப் பால் காய்ச்ச என்ன கேடு? ஊருக்கே பால் கறந்து அனுப்புகிற வீட்டில் பால் பொங்கவில்லை!

"ஏன் காய்ச்சல?"

"நீ வந்து காய்ச்சணும்னு விட்டு வச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, உனக்கு மூளை இருக்கா? நான் காய்ச்சக் கூடாதுன்னு தெரியாதா?"

"ஏன் கூடாது?"

தெரியாத மாதிரி கேட்கிறாள். இவள் சித்தப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் நான் முன்னால் நின்றிருப்பேனா? ஆரத்தித் தட்டைத் தொட்டிருப்பேனா? புது வீட்டில் முதல் பால் சுமங்கலி காய்ச்ச வேண்டும். அதுதான் வழக்கம்.

"நீ காய்ச்சு. நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன்" என்றேன்.

"மாட்டேன்" என்றுவிட்டாள். நாலு வயதில் கத்திரிக்காய் தின்ன மாட்டேன் என்று சொன்ன அதே மூஞ்சி.

ஜூலை 5, சனி

பண்ணைக்காரி வந்தாள். பெயர் மோரீன். எழுபது இருக்கும். டிராக்டரில் வந்து இறங்கினாள், சேறு பூசிய பூட்ஸோடு. வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள், அதனால் பிடித்துப்போயிற்று. தானே சுட்ட பன் மாதிரி ஒன்று கொண்டுவந்தாள். நான் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மதியிடம் ஏதோ சொன்னாள். மதி சிரித்தாள்.

"என்னடி சொல்லுதா?"

"காப்பி ஏன் ஆறிக் கெடக்குன்னு கேக்கா."

ஆறவில்லை. சூடாகவே இல்லை. முதல் பால் முறைப்படி பொங்காத வீட்டில், நான் காய்ச்சும் பால் பொங்கி வழிந்துவிட்டால் அதுவே முதல் பாலாகிவிடும். அதனால் பாத்திரத்தின் பக்கத்திலேயே நின்று, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுகிறேன். இந்தக் கண்ணாடி அடுப்பு வேறு அணைத்தாலும் சூடு போகாது. ஆனால் இதை மோரீனிடம் எப்படிச் சொல்வது.

அவளுக்கும் புருஷன் இல்லையாம். இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம். ஆனாலும் பாருங்கள், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் முன்னால் நிற்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

மாப்பிள்ளை என் அறையில் அலமாரி அடிக்கிறார். "மூணு மாசத்துக்கு என்னத்துக்கு அலமாரி மாப்பிள்ளை? பெட்டியிலேயே கெடக்கட்டும்" என்றேன்.

"பலகை மிச்சம் கெடந்துச்சு அத்தே."

பலகையில் கடையில் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. 

ஜூலை 16, புதன்

நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. இன்றைக்கு விட்டால் ஆவணிதான். மத்தியானம் மதி கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"என் தங்கம்லா. அடுப்ப மட்டும் பத்த வையி. பொங்கும்போது நீ நின்னா போதும். பிள்ளைக்கு நல்லதுடி."

"சித்தி, ஒண்ணு கேக்கேன். அம்மா செத்தப்புறம் எனக்கு ராத்திரியும் பகலும் பால் ஆத்திக் குடுத்தது யாரு? உன் கைபட்ட பால்தான் நான் குடிச்சி வளந்தேன். எனக்கு ஆகாமலா போச்சு?"

"அப்ப உன் சித்தப்பா இருந்தாவ."

"சித்தப்பா போனப்புறமும்தான் குடிச்சேன்."

காலேஜுக்குப் போகிற பிள்ளைக்கு ராத்திரி படிக்கும்போது பால் கொடுப்பேன், அதைச் சொல்கிறாள். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அது எப்படி வேறு என்று கழுவிக்கொண்டே யோசித்தேன். நாலு பாத்திரம் கழுவியும் பிடிபடவில்லை.

ஆடி பிறந்துவிடும்.

ஜூலை 24, வியாழன்

மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. என் மூன்று சேலையும் ஹீட்டர் முன்னால் தொங்குகிறது, மாப்பிள்ளை குனிந்து குனிந்து போகிறார்.

ஆகஸ்ட் 2, சனி

மாடுகள் கன்று போடத் தொடங்கிவிட்டன. ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக. மாப்பிள்ளைக்குச் சாப்பிட நேரமில்லை. வாளியில் சீம்பால் கொண்டுவந்தார். ஊரில் ஒரு சொம்பு சீம்பாலுக்கு மாட்டுக்காரர் வீட்டில் எத்தனை தடவை சொல்லி வைப்போம்! கருப்பட்டி இல்லை. இங்கே கிடைக்கிற சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேக வைத்தேன். இதற்குப் பொங்குகிற பயமில்லை. மதி இரண்டு கிண்ணம் தின்றாள். மோரீனுக்குக் கொடுத்துவிட்டதற்கு, பாத்திரத்தைக் கழுவி முட்டை நிறைத்து அனுப்பியிருக்கிறாள். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சாயங்காலம் வேலிப் பக்கம் ஒரே சத்தம். கன்றைப் பிரித்துத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தாய் மாடுகள் வேலியில் வரிசையாக நின்று கத்துகின்றன. நான் போய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து, கன்று நன்றாக இருக்கிறது, பால் குடித்தது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன். ஒன்று என் முந்தானையை நக்கியது.

அக்கா கடைசி நாளில் பேச்சில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போது நானும் இப்படித்தான் ஏதோ சொன்னேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஊரில் இன்று ஆடித்தபசு. அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருந்து சுவாமியைப் பார்க்கும் நாள். இருபத்தேழு வருஷமாக வளவு வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறேன். கூட்டம் குடித்துக்கொண்டே போகும்.

பக்கத்து வீட்டு ராசம்மாளுக்குப் போன் போட்டேன். அவளும் இப்போது அங்கே இல்லை, மகன் வீட்டில் இருக்கிறாள்.

"பானை யாராவது வச்சாங்களா?"

"எங்க வைக்க ஆவுடை? வாசலே இல்ல. முன்வரிசை பூரா வீட்டுக்காரன் இடிச்சுட்டான். உன் அடுக்களைச் சுவரு மட்டும் ஒத்தையில நிக்கி. ஆடி கழிஞ்சதும் அதையும் தள்ளிருவானாம். துணிக்கடை வரப்போவுது, மூணு மாடி."

"சரி, சரி" என்றேன்.

"மதிகிட்ட சொல்லிட்டியா?"

"என்னத்தச் சொல்ல? பிள்ளத்தாச்சி. அவ கவலப்படுவா. நீயும் வாயத் தொறக்காத."

ராசம்மாள் அதற்குச் சரி என்று சொல்லாமல், அங்கே குளிரா என்று கேட்டாள். காதில் விழவில்லையோ என்னவோ.

போக்கிடம் இல்லாமல் வந்தவள் என்று இருக்கக் கூடாது. உதவிக்கு வந்தவள் என்றுதான் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதை எழுதி என்ன ஆகப்போகிறது.

வாசல்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். பால் வண்டி ஓட்டிவந்த ஆள் குடித்துவிட்டுப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். தாயே, கணக்கில் சேர்த்துக்கொள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. குளித்து, விளக்கேற்றி, சொம்பைத் தேய்த்து வைத்துவிட்டு மதியைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். பாலை ஊற்றிச் சொம்பை என் கையில் நீட்டினாள்.

"யாரு இந்த வீட்டுல இருக்கப் போறாங்களோ அவங்கதான காய்ச்சணும்? நீ காய்ச்சு."

"நான் என்ன இருக்கப் போறவளா? பிள்ள பெறந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறவ."

"எங்க போவ சித்தி?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஏசுகிற குரலாக இருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

"என் வீட்டுக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொம்பை மேடையில் வைத்துவிட்டு, "கால் வீங்கியிருக்கு, தைலம் தேச்சு விடுதியா?" என்று கேட்டாள். தேய்த்துவிட்டேன். ஒரு பெருவிரல் நகம் வளைந்திருக்கும் அவளுக்கு, அக்காவுக்கு இருந்த மாதிரியே.

அந்தப் பாலைத் தயிருக்கு உறை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாப்பிள்ளை சாப்பிடும்போது, "அத்தே, விசாத் தாளுக்கு உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்" என்றார்.

"மூணு மாசத்துக்கு ஏற்கெனவே குடுத்திருக்காங்கள்லா?"

"அது... கூடக்கொஞ்சம் கேட்டு வச்சா நல்லதுல்லா. மதி உங்களை அம்மான்னுதான் போட்டிருக்கா. நீங்க தத்து எடுத்த தாளு ஊருல இருந்து வந்துருச்சு."

"ஊருல இருந்து யாரு அனுப்புனா?"

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, "ராசம்மா பெரியம்மைதான், ஜூன் மாசமே..." என்று தொடங்கி, மதி முறைத்ததும் தண்ணீரைக் குடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் கொல்லைப் பக்கம் போய் ராசம்மாளுக்குப் போன் போட்டேன்.

"என்னைய ஏசாத ஆவுடை. நீ கெளம்புறதுக்கு முன்னாடியே உன் மவ கேட்டா, சித்தி குரல் சரியில்லையேன்னு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னது, நீ யாருகிட்டயும் சொல்லாம சாமான வித்தது, எல்லாத்தையும். அவதான் சொன்னா, சித்தியா சொல்லுற வரைக்கும் எனக்குத் தெரியும்னு காட்டிக்கிடாதீங்க பெரியம்மைன்னு."

வேலி ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல காற்று. கண்ணில் தூசி.

ராத்திரிக்கு மதிக்குப் பிடித்த சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் டின்னில் கிடைக்கிறது. மூன்று பேரும் சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. நான்கூட.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தாளில் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை பாவம், தினமும் மேசையில் பேனாவோடு எடுத்து வைக்கிறார்.

இருமல். சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தாயே, தாயே, தாயே.

விடியற்காலம் மதிக்கு வலி கண்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் போக வேண்டும். நான் சேலையை மாற்றிக்கொண்டு காரில் ஏறப் போனேன். இந்த இருமலோடு பிரசவ அறைக்குள் விட மாட்டார்களாம். மதி கார் ஜன்னலில் தலையை நீட்டி, "சித்தி, நீ வீட்டுல இரி. நான் திரும்பி வரும்போது வீட்டுல ஆளு இருக்கணும்" என்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சரி என்றேன். கார் போய்விட்டது.

அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். நடுவில் இருமல். மோரீன் கன்றுகளுக்குப் பால் காட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்மணம் போடத் தெரியவில்லை, காலை நீட்டிக்கொண்டாள். அவளுக்கு என் பேச்சு புரியாது, எனக்கு அவள் பேச்சு புரியாது. நான் மதி சின்னப்பிள்ளையில் செய்த சேட்டையெல்லாம் சொன்னேன். அவள் அவள் பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும், கையை இவ்வளவு உயரம், இவ்வளவு உயரம் என்று காட்டினாள்.

பத்து மணி வாக்கில் காப்பி போடலாம் என்று எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். எப்போதும்போலப் பக்கத்திலேயே நின்றேன். போன் அடித்தது.

"அத்தே! பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் சொகம்!"

மாப்பிள்ளை அழுகிறார். மதி குரல் பின்னால் கேட்டது, "சித்திக்கிட்ட குடுங்க" என்று. "சித்தி, உன் மூக்கு சித்தி அவளுக்கு" என்றாள். உடன் பிறந்தவளின் பேத்திக்கு என் மூக்கு வராமல் யார் மூக்கு வரும்? அதைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். மோரீன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு கிழவிகளும் அடுக்களையில் நின்று ஆடாத குறை.

அப்போதுதான் அந்த மணி அலறியது. கூரையில் புகைக்கு ஒரு மணி வைத்திருக்கிறார்கள். திரும்பினால் பால் பொங்கி, பாத்திரத்தின் நாலு பக்கமும் இறங்கி, கண்ணாடி அடுப்பெல்லாம் ஓடி, கருகி, புகை. மோரீன் விளக்குமாற்றை எடுத்து மணியை ஒரு இடி இடித்தாள், வாயை மூடிக்கொண்டது. அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். நின்றுவிட்டாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பால் மேடையில் ஓடி விளிம்பில் நின்று, ஜன்னல் பக்கமாகச் சொட்டியது. அந்த ஜன்னல் கிழக்கு. மாப்பிள்ளை போனை வைத்துப் பார்த்துச் சொன்ன கிழக்கு.

நான் காய்ச்சவில்லை. என் ஞாபகமே அங்கே இல்லை. அதுவாகப் பொங்கியது.

அப்படியே இருக்கட்டும் என்று ஒரு துளி குங்குமத்தை அடுப்பின் ஓரத்தில் வைத்தேன். தொட்டு வைத்தது என் கைதான். மோரீன் நெற்றியைக் காட்டினாள், அவளுக்கும் வைத்தேன். மிச்சப் பாலில் இரண்டு பேரும் காப்பி குடித்தோம். நாக்கு சுட்டது.

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டார்கள். வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்று நான் முழிக்கிறேன், மதி பிள்ளையோடு குளிரில் நிற்கிறாள். "சித்தி, பிள்ளைக்கு சளி புடிச்சிரும், சீக்கிரம்" என்றாள். எடுத்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. கை மூன்று சுற்றையும் மறக்கவில்லை.

பிள்ளைக்கு உள்ளங்கை நீளம்தான் முகம். மூக்கு என் மூக்குதான், பாவம்.

மதி அடுக்களைக்குள் வந்து தண்ணீர் குடித்தாள். அடுப்பில் இருந்த கருகின தடத்தையும் ஓரத்துக் குங்குமத்தையும் பார்த்தாள். நான் கீரை ஆய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனிந்து அந்த இடத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

பச்சைப்பிள்ளை பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும், காற்றுக் கருப்பு அண்டாது. இந்த வீட்டில் தேடினால் எல்லாம் பிளாஸ்டிக், மீதி எவர்சில்வர். மாப்பிள்ளை ஸ்பேனரை நீட்டுகிறார், ஒரே கிரீஸ். கடைசியில் சுருக்குப்பையைத் திறந்தேன். துணியில் சுற்றி, தொட்டில் மெத்தைக்கு அடியில் தலைமாட்டில் வைத்தேன். மதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வளவு வீட்டுச் சாவில்லா சித்தி?"

"ஆமா. நல்ல இரும்பு. அந்தக் காலத்துச் சாவி."

"உனக்கு வேண்டாமா?"

"எனக்கு என்னத்துக்கு? பிள்ளைக்கு இருக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "சித்தி, காப்பி தா. நல்லா கொதிக்க விட்டு" என்றாள்.

கொதிக்க விட்டேன்.